தண்ணீரில் கலக்காத எண்ணெய்

கிராம்பு எண்ணெய் தண்ணீரில் கலக்காது. எங்கள் சோப்புக் குழுவுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வாளித் தண்ணீரில் சில சொட்டு விட்டுக் கையால் கலக்கினால் கலந்துவிட்டது போலத் தெரியும். கலந்திருக்காது. முத்து முத்தாகத் தனியே நின்று, உடம்பில் முதலில் படுகிற இடத்தைச் சுட்டுவிடும். அப்படி முதுகு வெந்துபோய், மேலே போர்த்துகிற கங்காத் துணியைத் தோளில் போட முடியாமல் என் வாசலில் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். முதலில் தேங்காய் எண்ணெயில் கலக்க வேண்டும், அதற்கப்புறம்தான் உடம்பில் தடவ வேண்டும். நீங்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. இந்தப் பெம்பாத் தீவுக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது என்கிறீர்கள். பல் வலிக்கிறது என்று வாய் திறந்தால் போதும், இங்கே யாராவது ஒரு குப்பியைக் கையில் திணித்துவிடுவார்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் குப்பியை உயரத்தில், பூட்டிய பெட்டியில் வையுங்கள்.

நடந்ததைச் சொல் என்றீர்கள். சொல்லத்தான் போகிறேன். என் தங்கை ரிசிகி எப்படி இறந்தாள் என்பதுதான் உங்களுக்கு வேண்டும். எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் தெரியாவிட்டால் அது உங்களுக்குப் புரியாது, அதனால்தான் அங்கிருந்து தொடங்கினேன்.

என் பெயர் பிகோம்போ. கிராம்பு இலையையும் காம்பையும் போட்டு ஆவியில் எண்ணெய் இறக்குகிற கொட்டகையில் குப்பி நிரப்பும் வேலை பார்த்தேன். பிறகு பெண்கள் சேர்ந்து சோப்புக் குழு தொடங்கியபோது, யாருக்கும் கை வேகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். என் காலத்தில் யாருக்கும் கை வேகவில்லை. முழங்கையின் உட்பக்கம் ஒரு துளி தடவி, ஒருநாள் பொறுத்துப் பார்க்காமல் எந்த எண்ணெயையும் உடம்பில் போட விடமாட்டேன். கர்ப்பிணிகளைக் கொட்டகைப் பக்கமே சேர்க்கமாட்டேன். வாய்க்குள் போவது என்ற பேச்சே கிடையாது. இதனால் என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. பக்கத்து வீட்டுச் சுபீரா, கல்யாண வீட்டில் பிலாவு அண்டா இறக்கும்போது எல்லார் காதிலும் விழும்படி சொல்வாள்: "பிகோம்போ வர்றா, சோத்தை முதல்ல முழங்கையில தடவிப் பாத்துட்டுத் தின்னுங்கடி." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கேலி செய்தவர்கள் எல்லாரும் நான் சொன்னபடிதான் செய்தார்கள்.

எனக்கு முதல் மாணவி ரிசிகி. அவளைப் பெற்ற சூட்டிலேயே அம்மா போய்விட்டாள். அப்போது நான் வயதுக்கு வந்த பெண். இடுப்பில் அவளைச் சுமந்துகொண்டே வளர்ந்தேன். அப்பா மீன் பிடிக்க மொம்பாசாப் பக்கம் போனார். அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டோம். எனக்கு ஒரு கணவன் வந்தான். மஸ்கட்டில் வேலை, அடுத்த பெருநாளுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். எத்தனையோ பெருநாள் போய்விட்டது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. இந்தத் தீவில் படகேறுகிறவர்கள் எல்லாரும் திரும்பி வரும் எண்ணத்தோடுதான் ஏறுகிறார்கள்.

ஆக வீட்டில் நானும் அவளும்தான். பச்சை மாங்காயை உப்பு மிளகாய் தொட்டு, பல் கூசக்கூசத் தின்பாள். ராகம் தப்பிய பாட்டை வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிவாள். குப்பியைத் திறந்து மோந்து, எது காம்பு எண்ணெய், எது இலை எண்ணெய் என்று சரியாகச் சொல்வாள். சின்ன வயதில் ஒருமுறை எண்ணெய்க் கையால் கண்ணைக் கசக்கிவிட்டுத் துடித்துப் போனாள். அன்றைக்குத்தான் பெட்டி வாங்கிப் பூட்டுப் போட்டேன். சாவி அன்றிலிருந்து என் கழுத்தில்தான் இருந்தது, நேற்று நீங்கள் கழற்றி வாங்கும்வரை.

அவளுக்குக் கடலுக்கு அக்கரையில் இருக்கிற தாங்கா ஊரிலிருந்து மாப்பிள்ளை வந்தான். மக்காமே என்று பெயர், லாரி பழுது பார்க்கிறவன். நல்ல பையன், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கல்யாணம் முடிந்ததும் அவளைத் தாங்காவுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னான். ரிசிகி அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பெண்ணை வெளியே விடாமல், சிங்கோ அரைத்துப் பூசி வைப்போம். கிராம்பும் சந்தனமும் ரோஜாவும் சேர்ந்த பூச்சு அது. ஊரில் எந்தப் பெண்ணுக்கும் அதை அரைப்பது நான்தான். என் தங்கைக்கு வேறு யார் அரைப்பார்கள்? எல்லாருக்கும் போலத்தான் அரைத்தேன். முழங்கையில் தடவிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். தேங்காய் எண்ணெய் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குப்பி எண்ணெயை அப்படியே ஊற்றினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"எரியுதுக்கா" என்றாள் ரிசிகி.

"அழகு சும்மா வருமாடி? புருஷன் வீட்டுக்குப் போறவ இதுக்கே அழுதா எப்படி?" என்று சுபீரா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். சுபீராவுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், அவள் கேலி அவ்வளவுதான்.

நான் ரிசிகியின் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றேன். பொறுத்துக்கொண்டாள். நான் சொன்னால் பொறுத்துக்கொள்வாள். மறுநாள் முகம் முழுக்கக் கொப்புளம். உடைந்து ஆறியபோது கன்னமெல்லாம் கருந்திட்டாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று நல்ல வார்த்தையாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர் முழுக்கக் கண்ணேறு என்றது. அத்தனை அழகான பெண்ணைப் பொறாமை பிடித்த கண் ஏதோ பார்த்துவிட்டது என்றார்கள். ஒருவர்கூட என்னைச் சந்தேகப்படவில்லை. சோற்றையே முழங்கையில் தடவிப் பார்க்கிறவள் ஆயிற்றே நான்.

மக்காமே மறுபடி வந்தான். முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னான். ரிசிகி உள்ளறையில் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு உங்களைப் பார்க்க விருப்பமில்லையாம், இனி வரவேண்டாமாம் என்று நான் அவனிடம் சொன்னேன். அவன் வந்து போனதை அவளிடம் சொல்லவில்லை. இதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன். எதையும் மறைத்தேன் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது.

அதன்பின் வந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். ஒளிப்பானேன். கற்றாழை தடவிவிட்டேன், தலை வாரிவிட்டேன், தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். சின்னப் பிள்ளை மாதிரி என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் என்னாயிருப்பேன்க்கா" என்பாள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கும் தெரியுமா? உங்களுக்குத் தங்கை இருந்தால் தெரியும்.

தோலில் திட்டு மங்கியது. தெம்பு வந்ததும் மறுபடி கால் தரையில் நிற்கவில்லை. இந்த முறை மஸ்கட். வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ அவள் காதில் ஓதிவிட்டார்கள். அங்கே போன பெண்கள் எப்படியெல்லாம் கஷ்டப்பட்டார்கள் என்று அவளிடம் எடுத்துச் சொன்னேன். "எல்லாரும் கஷ்டப்படல அக்கா. போயிட்டு வர்றேன், ஒரேயடியாவா போறேன்" என்றாள். அப்பாவும் என் கணவனும் சொன்ன அதே வார்த்தை.

போவதற்கு முன் வேத்தே நகர ஆஸ்பத்திரியில் உடம்பைச் சோதித்து, ரத்தம் எடுத்து, நல்ல உடம்பு என்று சான்று வாங்க வேண்டும். நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவள் இல்லை. காலையில் அவளுக்குக் கஞ்சி வைப்பது நான்தான். எங்கள் வீட்டில் தலையணை, கூந்தல், ரொட்டி, உலர்த்திய துணி எல்லாவற்றிலும் கிராம்பு வாசனைதான். கஞ்சியில் அந்த வாசனை வந்தால் இந்தத் தீவில் யார் கவனிப்பார்கள்? எவ்வளவு விட்டேன் என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதை மட்டும் சொல்ல மாட்டேன். இந்த அறைக்கு வெளியே நிறையக் காதுகள் நிற்கின்றன. யாராவது வீட்டில் செய்து பார்த்துவிட்டால் அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

வாந்தி எடுத்தாள். சாப்பாடு இறங்கவில்லை. கண் மஞ்சளாகிவிட்டது. சான்று கிடைக்கவில்லை. நாட்டு மருந்து, மூலிகை, எண்ணெய் ஏதாவது குடித்தாயா என்று டாக்டர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ரிசிகியே முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுலயா டாக்டர்? எங்கக்கா எண்ணெய்ப் பெட்டிக்கே பூட்டுப் போட்டு வச்சிருக்காங்க. என்னைத் தொடக்கூட விடமாட்டாங்க." டாக்டர் என்னைப் பார்த்து, இப்படி எல்லா வீட்டிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். அந்தப் பாராட்டுக்கு நான் தகுதியானவள்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். என் பேச்சைக் கேட்டு எத்தனை வீட்டுக் குழந்தைகள் தப்பித்திருக்கின்றன என்று நீங்கள் ஊரில் விசாரித்துப் பார்க்கலாம்.

அப்புறம் அவள் முழுதாய்த் தேறவே இல்லை. கொஞ்சம் தெம்பு வரும், எங்காவது போக வேண்டும் என்ற பேச்சு எடுப்பாள், மறுபடி படுத்துவிடுவாள். முடி கொட்டியது. பாட்டு நின்றுபோனது. தனக்கு ஏதோ சாபம் என்று நம்ப ஆரம்பித்தாள். நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

நான் செய்த ஒரே தவறு, கிராம்பு பறிக்கிற பருவத்தில் அவளைத் தோட்டத்துக்கு அனுப்பியது. சுபீராதான் பிடிவாதமாகக் கேட்டாள். வீட்டிலேயே கிடந்தால் ஆள் செத்துவிடுவாள், பறிக்க வேண்டாம், காம்பு ஆய்ந்துகொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கட்டும் என்றாள். பறிக்கப் போகிறவர்கள் தோட்டத்திலேயே ஓலைக் குடிசை போட்டு, அங்கேயே பொங்கித் தின்று, பருவம் முடியும்வரை தங்குவார்கள். எனக்குக் கொட்டகையில் வேலை இருந்தது. போகட்டும், பக்கத்து மலைதானே என்று விட்டேன்.

பருவம் முடிந்து வந்தவளைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கன்னத்தில் சதை வைத்திருந்தது. கண் வெள்ளையாக இருந்தது. தலையில் புது முடி. பாடிக்கொண்டே வந்தாள், அதே ராகம் தப்பிய பாட்டு. நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க எனக்கு ஒண்ணுமே பண்ணலக்கா" என்றாள். "மரவள்ளிக் கிழங்கும் கருவாடும்தான் சாப்பாடு. ஒருநாள்கூட வாந்தி வரல."

"மலைக் காத்து" என்றேன்.

"காத்தா இருக்கும்" என்றாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து சுபீரா வீட்டில்தான் சாப்பிட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. படுக்கை மட்டும் என் பக்கத்தில். ஒருநாள், தாங்காவில் சுபீராவின் அக்கா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள், அங்கே போகப் போகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். மக்காமே இன்னும் கல்யாணம் ஆகாமல்தான் இருக்கிறான் என்றும் யாரோ தோட்டத்தில் சொன்னார்களாம். அவன் வந்ததையும், நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்பதையும் அவள் தெரிந்துகொண்டாளா என்று எனக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

கிளம்புகிற நாள் நெருங்கியது. என் கையால் அவள் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்குவதில்லை. அதனால் நான் குர்ஆன் பள்ளி வாத்தியாரிடம் போனேன். தங்கை பயணம் போகிறாள், கொம்பே எழுதிக் கொடுங்கள் என்றேன். வெள்ளைத் தட்டில் குங்குமப்பூ மசியால் ஆயத்து, அதாவது குர்ஆன் வசனம் எழுதி, பன்னீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரைக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தார். அவளுக்காகத் துஆவும் செய்தார். அவர் நல்ல மனிதர், அவரை இதில் இழுக்காதீர்கள். அவர் கொடுத்தபோது அது சுத்தமான தண்ணீர்.

என் கஞ்சியை அவள் வேண்டாம் என்று சொல்லலாம். ஆயத்து கரைத்த தண்ணீரை எப்படி வேண்டாம் என்பாள்? அப்படித்தான் நான் யோசித்தேன். அதில் எனக்குக் குற்றம் எதுவும் தெரியவில்லை, அப்போது.

விடிந்து வெயில் ஏறியிருந்தது. பை வாசலில் இருந்தது. படகுத்துறை வரை கூடப் போக வேண்டிய சுபீரா தன் வீட்டில் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நான் வெள்ளைக் கோப்பையில் கொம்பேயை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"என்னக்கா இது?"

"வாத்தியார் எழுதிக் கொடுத்த கொம்பே. பயணத்துக்கு."

இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினாள். வாசல் வெளிச்சத்துக்குத் திரும்பி உள்ளே பார்த்தாள்.

"அடியில என்னமோ முத்து முத்தா நிக்குதே."

"பன்னீர்."

"பன்னீர் அப்படி நிக்காதுக்கா. நீதான சொல்லிக் கொடுத்த, தண்ணில எது கலக்கும் எது கலக்காதுன்னு."

மஞ்சள் தண்ணீரின் அடியில் எண்ணெய் சின்னச் சின்ன முத்தாக மின்னிக்கொண்டிருந்தது. எனக்கே தெரிந்தது. அவள் முற்றத்தைப் பார்த்தாள், எங்கே கொட்டலாம் என்று பார்ப்பது போல.

"ஆயத்து எழுதின தண்ணிடி" என்றேன். "கால் படுற எடத்துல ஊத்துவியா?"

கொட்டவில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்தவள் கொட்டமாட்டாள். வேர் பார்த்து மரத்தடியில் ஊற்றலாம், கடலில் விடலாம், அதற்கெல்லாம் வழி இருக்கிறது. அதை நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் கோப்பையைப் பிடுங்கியிருப்பேனோ என்னவோ.

"இதைக் குடிச்சா என்னைப் போக விடுவியா?"

"விடுவேன்."

பிஸ்மில்லா சொல்லி ஒரே மடக்காகக் குடித்தாள். கோப்பையை என் கையில் தராமல் வாசல் திட்டு மேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள்.

அவள் ஏன் குடித்தாள் என்று நீங்கள் கேட்டீர்கள். எழுதிய வார்த்தை தன்னைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்கலாம். அல்லது அலுத்துப் போயிருக்கலாம். சுபீரா அப்படித்தான் சொல்கிறாள், அவள் அலுத்துப்போய்ச் செத்தாள், நீ அலுக்காமல் கொன்றாய் என்று. சுபீராவுக்கு வாய் எப்போதும் நீளம். எனக்குத் தெரியும், என் மேல் இருந்த பாசத்தால்தான் குடித்தாள். தெரிந்தே குடித்தாள் என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

நான் வாக்கு மீறவில்லை. அவளைத் தடுக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. பலா மரம் வரை நடந்தாள். அங்கே பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்துவிட்டாள். சின்ன வயதில் போல இடுப்பில் தூக்க முடியவில்லை, தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுபீரா ஓடி வந்து திட்டு மேலிருந்த கோப்பையைப் பார்த்தாள். விளிம்பில் விரல் வைத்துத் தேய்த்து மோந்து பார்த்தாள். அவளுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவள்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. வழியெல்லாம் ரிசிகியின் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் மறுநாள் உயிர் போனது. கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று கேட்டீர்கள். அக்காவைத் தனியாக விட்டுவிடாதீர்கள் என்று சுபீராவிடம் சொன்னாளாம். சுபீரா அதைச் சொல்லிவிட்டு நேரே உங்களிடம்தான் வந்தாள்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். முகத்தைச் சுட்டது நான். கஞ்சியில் கலந்தது நான். கோப்பையில் விட்டதும் நான்தான். ரிசிகியைக் கொன்றவள் அவளை வளர்த்த பிகோம்போ. யாரும் என்னைத் தூண்டவில்லை, எனக்குப் புத்தி கலங்கவும் இல்லை. பெட்டிச் சாவி உங்களிடம் இருக்கிறது, குப்பிகளைச் சோதித்து முடித்ததும் திரும்பப் பூட்டி உயரத்தில் வைத்துவிடுங்கள். சுபீராவின் பிள்ளைகள் அந்த வீட்டுப் பக்கம் விளையாட வருவார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் விடாமல் எழுதுங்கள். அவளை வீட்டுக்குப் பின்னால், என் சமையலறை ஜன்னலுக்கு நேரே அடக்கம் செய்திருக்கிறார்கள். கஞ்சி கிண்டும்போது பார்த்தால் தெரியும். எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியவர்களில் திரும்பி வந்தவள் அவள் ஒருத்திதான்.